ஓட்டுக் கேட்கப் போன இடத்தில்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீதிபதி வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கிறேன் என்றதும், "அரசியல் உனக்கு ஒத்து வராது லா" என்று தொடங்கினீர்கள். நான் குறுக்கே பேசினேன்; நீங்கள் சுங்கை வேயில் இருக்கும் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

இன்று பந்திங் பாசாரில் கடை கடையாக ஓட்டுக் கேட்டேன். மீன் வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என் மகன உள்ள போட்டது நீங்கதானே?" என்றார். கூட வந்த கட்சிக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

"ஆமாக்கா, நான்தான். தீர்ப்பு சரிதான்."

"சரின்னு எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு நீங்க என்னத் திரும்பிக்கூடப் பாக்கல."

அங்கேயே நின்று, மகனைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். ஓட்டுப் போடுவதாக அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கூட்டம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் பேசுங்கள், நான் குறுக்கே பேசமாட்டேன்.

உங்கள் மனைவி