நாவல்பழ டீயும் மாமி போட்ட உப்பும்

என் மைமூன் அக்காவுக்கு,

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் நோன்பு இது. சலாம் சொல்லி நிதானமாக ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொண்டு வருகிறது. நேற்று நோன்பு திறக்க உன் மாமியார் வீட்டில் தெருப் பெண்களெல்லாம் கூடினோம். என்ன கொடுத்தார்கள் தெரியுமா? உன் நாவல்பழ டீ!

அதே கருநீலம். மேலே ஐஸ் துண்டு. ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். உன் மாமி வெட்கமே இல்லாமல், "எங்க வீட்டுப் பக்குவம்ல!" என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் நாத்தனார் நிக்காஹ் அன்று நீ பட்ட பாடு கொஞ்சமா? வண்டியூர்க் கூடைக்காரியிடம் பழம் வாங்கி, உப்புப் போட்டுப் பிசைந்து, கொட்டை நீக்கி, ஆறிய டீத் தண்ணீரில் கலந்தாய். ரேஷன் சர்க்கரை மொத்தமும் அதில்தான் போயிற்று. மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி ஜட்காவில் வந்து இறங்கியது. மாமி அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"என்னடி இது, சாராயமாட்டம் நுரை கட்டி நிக்குது? ஹராமுடி! கொட்டுங்கடி சாக்கடைல!"

அன்றிலிருந்து நீ தெருவுக்கே சாராயக்காரி. மச்சான் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? கட்டின பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா? நீயாவது ஏன்க்கா சும்மா இருந்தாய்? கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, "நான் ஹராமான எதையும் கலக்கலைன்னு எல்லார்ட்டயும் சொல்லுடி" என்று என் கையைத்தான் பிடித்தாய்.

நேற்று சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

"மாமி, இதைத்தான ஹராம்னு கொட்டச் சொன்னீங்க?"

"அது வேற, இது வேற. அவ உப்பில்லாம பண்ணுனா. நான் உப்புப் போட்டு போதையை முறிச்சிருக்கேன்!"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள், அக்கா! பழம் சாறு விடட்டும் என்று நீ போட்டுப் பிசைந்தது எது? அந்த உப்புதானே? போதையே இல்லாததில் எந்தப் போதையை இவர் முறித்தார்? நான் கத்தினேன். மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகளோடு உட்கார்ந்து கிளாஸைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்.

உன் பேரில் ஓதப்போகிற வருஷ பாத்திஹாவுக்கு இந்த டீயை நான்தான் கலக்குவேன். முதல் கிளாஸ் மாமிக்கு. "இது மைமூன் பண்ணுனது, ஹலால்" என்று வாயால் சொன்ன பிறகுதான் கையில் கொடுப்பேன். சொல்ல மாட்டேன் என்றால், அண்டாவைத் தெருவில் இறக்கி, உன் பேரைச் சொல்லிச் சொல்லி, போகிறவர் வருகிறவர் அத்தனை பேருக்கும் ஊற்றுவேன். இது சத்தியம்.

உன்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத
உன் தங்கச்சி