மார்கழிக் கையெழுத்து

இன்சீன், யாங்கோன்
கார்த்திகை 18

அன்புள்ள மாப்பிள்ளை தேவராஜ் அவர்களுக்கு,

முருகன் அருளால் நானும் உங்கள் மாமாவும் சாந்தகுமாரியும் நலம். இண்டியானாவில் பனி விழத் தொடங்கிவிட்டது என்று சாந்தா அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். போனில் பேசலாம்தான். ஆனால் இங்கே மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வந்தாலும் உங்கள் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு என் வாயையே பார்க்கிறாள். அதனால் எழுதுகிறேன். நம் தெருத் துணிக்கடை மீரா முகைதீன் சிங்கப்பூர் போகிறார், அங்கிருந்து தபாலில் சேர்ப்பார். நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள்.

விசா நேர்காணலில் நடந்ததை சாந்தா பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். எல்லாத் தாள்களையும் வரிசையாக அடுக்கி எடுத்துப் போனாள். பெண் அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டே வந்தவர், உங்கள் வரித் தாளில் நின்றுவிட்டாராம். நீங்கள் இருவரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட தாள் டிசம்பர் மாதம் என்கிறது. அதே வருஷத்துக்கு நீங்கள் அமெரிக்காவில் எழுதிக் கொடுத்த வரிக் கணக்கோ, தேவராஜ் மணமாகாதவர் என்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்டாராம். வருஷத்தின் கடைசி நாளில் ஒருவருக்கு மனைவி இருந்தால் அந்த வருஷம் முழுவதுமே அவர் மணமானவர் என்பது உங்கள் ஊர் வரிச் சட்டமாம். இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். கோர்ட் வாசலில் நான் சொன்னதுதான் காரணம். "இது தாளுக்காகப் போட்ட கையெழுத்து மாப்ளே. மார்கழியில கல்யாணம் ஏது? தை பொறந்து தாலி ஏறட்டும், அப்பறம்தான் அவ ஒங்க பொஞ்சாதி" என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அதோடு விட்டீர்களா? அமெரிக்க வரி ஆபீஸ் வரைக்கும் என் பேச்சைக் கொண்டுபோய் எழுதியும் வைத்துவிட்டீர்கள். மாமியார் சொல்லை இப்படி மதிக்கிற மருமகன் இந்த இன்சீனில் வேறு எவளுக்கும் வாய்க்கவில்லை. இப்போது கணக்கைத் திருத்திக் கொடுத்து, கூடுதல் வரியும் கட்டிவிட்டதாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நினைத்து எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொன்னது தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மார்கழி மார்கழிதான்.

இப்போது சங்கடம் வேறு இடத்தில். திருத்திய வரிக் கணக்கோடு, கல்யாணம் எப்போது நடந்தது என்று பெண்ணைப் பெற்றவர்கள் சத்தியம் செய்து எழுதிய தாள் ஒன்றும் வேண்டுமாம். வக்கீல் அப்துல் ரவூப் பாய் அழகாக எழுதிக் கொண்டுவந்தார். உங்கள் மாமா கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கல்யாணம் டிசம்பரில் கோர்ட்டில் நடந்தது, ஜனவரியில் கோயிலில் நடந்தது குடும்ப விருந்து என்று இருக்கிறது. விருந்தாம்! அக்னி வளர்த்து, ஊரைக் கூட்டி, உங்கள் கையால் தாலி கட்டியது விருந்தாம். நான் அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, ரெண்டு தேதி சொன்னா அவுங்களுக்குக் கொழம்பிப் போயிரும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, புள்ள போய்ச் சேரட்டும்" என்கிறார் ரவூப் பாய். மாமாவும் அதையே சொல்கிறார். தாள் ஒற்றைக் கையெழுத்தோடு மேசை மேல் கிடக்கிறது. சாந்தா லைங் தாயா தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள், வருகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை. என் பிடிவாதத்தால் அவள் விசா நின்றுபோய், நீங்கள் அங்கேயும் அவள் இங்கேயுமாகக் காலம் போனால் அந்தப் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை வரமாட்டேன் என்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் ஆறும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்
வேலம்மா


இன்சீன், யாங்கோன்
சித்திரை 9

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் மனைவி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டி, பிரித்துப் படிக்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறேன். படிப்பாள். நாளை மிங்கலாடோனில் விமானம் ஏற்றிவிட்டு வந்தபின் எனக்கு எழுத வராது, அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

என் போன கடிதம் வந்ததும் நீங்கள் மாமாவைப் போனில் அழைத்து, "அத்தைக்கு எது சரின்னு படுதோ அதையே எழுதட்டும். அதுல விசா நின்னாலும் நான் அத்தைய ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்று சொன்னீர்களாம். மாமா அதை என்னிடம் சொன்னதும் அடுப்படிக்குப் போய், வேலை ஒன்றும் இல்லாமலே சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் ரவூப் பாயிடம் போய், அவர் எழுதியதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் நானே எழுதினேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். மார்கழியில் என் மகளும் மருமகனும் நீதிபதி முன் கணவன் மனைவி என்று கையெழுத்துப் போட்டார்கள், நான் கோர்ட் வாசலில் இருந்தேன். எங்கள் வழக்கத்தில் தாலி ஏறாமல் பெண்ணை அனுப்புவதில்லை, அதனால் தை முகூர்த்தம் வரை அவளை என் வீட்டில் வைத்திருந்தேன். மருமகன் அமெரிக்காவிலிருந்து கொஞ்ச நாள் விடுமுறையில் வந்தவர். சட்டப்படி மனைவியானவளை அழைத்துப் போகிறேன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிங்கலாடோனில் தன் பெரியப்பா வீட்டில் தங்கி, சாயங்காலமானால் ஊரைச் சுற்றும் வட்ட ரயில் ஏறி இன்சீனுக்கு வருவார். முன்கட்டில் உட்கார்ந்து என் கணவரோடு பேசுவார், நான் போட்டதைச் சாப்பிடுவார், திரும்ப ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். தாளுக்காக மட்டும் கல்யாணம் செய்தவன் இப்படிக் காத்திருக்கமாட்டான். கோர்ட்டில் நடந்ததும் உண்மை, கோயிலில் நடந்ததும் உண்மை. இரண்டில் எதையும் நான் விருந்து என்று சொல்லமாட்டேன். இவ்வளவுதான் எழுதினேன்.

ரவூப் பாய் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது தலையைச் சொறிந்தார். "அக்கா, இதுல வழக்கு மாதிரி ஒண்ணுமே இல்லையே, கதை மாதிரில்ல இருக்கு" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். உங்கள் மாமா தன் பழைய கையெழுத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எனக்குக் கீழே புதிதாகப் போட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள் திருத்திய வரிக் கணக்கு வந்து சேர்ந்ததும் சாந்தாவை மறுபடியும் தூதரகத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய், உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எதிர்ப்பக்கம் நிழலில் நின்றேன். அதே அதிகாரிதானாம். என் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, உங்கள் அம்மா இரண்டு நாளையும் சொல்கிறார், நீங்கள் எந்த நாளில் மனைவியானீர்கள் என்று கேட்டாராம். கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னாளாம் என் மகள். "கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நான் அவருக்கு மனைவியாயிட்டேன். தாலி கட்டின அன்னிக்கு அவர் எங்க அம்மாவுக்கு மருமகனாயிட்டார். வரிக் கணக்கு கேக்குறது மனைவியப் பத்தி, அதனால மார்கழிதான் சரி. அவர் எழுதினது தப்பு, திருத்திட்டார்" என்றாளாம். அதிகாரி உடனே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வாங்கி வைத்தால் விசா உண்டு என்று அர்த்தமாம். அது தெரியாமல் வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து நான் ஓவென்று அழ, தெருவே திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளை, அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லிக்கொடுக்கவில்லை. பர்மியப் பள்ளியில் படித்து, வீட்டில் பாதித் தமிழ் பேசுகிற பெண், உங்களையும் விட்டுக்கொடுக்காமல் என்னையும் விட்டுக்கொடுக்காமல் பொய்யும் சொல்லாமல் வந்துவிட்டாள். கோயிலில், கடைத்தெருவில், பஸ்ஸில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும்.

அவளைப் பற்றிச் சில விஷயங்கள். கோபம் வந்தால் பேசமாட்டாள், ஆனால் சாப்பிடுவாள். அதனால் சாப்பிட்டாள் என்று நம்பிக் கோபமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் சூடாக மொஹிங்கா இல்லாவிட்டால் முகம் தொங்கும். அதற்கு வேண்டிய நூடுல்ஸும் மீன் மசாலாவும் கட்டி வைத்திருக்கிறேன், மேலே ஊற்றும் மீன் குழம்பு வைக்க அவளுக்கு வராது, நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் வரிக் கணக்கை இருவர் பெயரிலும் சேர்த்து எழுதலாமாமே? அவளே எழுதட்டும், உங்களை நம்பி அந்த வேலையை விடமாட்டேன். எங்கள் இருவரையும் அங்கே அழைக்கும் பேச்சு இப்போது வேண்டாம். முதலில் நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் இருந்து பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். வேலம்மா இதற்கும் ஒற்றைக்காலில் நிற்பாளே என்று நீங்கள் இப்போதே பயந்துகொண்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், நான் கேட்கமாட்டேன். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து நம் தெருவில் இளவயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்த நேரத்தில் அவளை இங்கே திரும்பக் கூப்பிட எனக்கு மனசில்லை. அம்மாவிடம் போக வேண்டும் என்று அவளே அழுதாலும் அனுப்பாதீர்கள். வரலாம் என்ற காலம் வந்தால் நானே எழுதுகிறேன். நான் எழுதும்வரை அவளுக்குத் தாய்வீடும் நீங்கள்தான்.

இருவரும் நூறு வயது சேர்ந்திருக்க முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
சாந்தகுமாரியின் அம்மா
வேலம்மா