கேடயத்தில் அக்காவுக்கு ஒரு நட்சத்திரம்

ஜாக்ரெப்
2 செப்டம்பர் 1996

அன்புள்ள யெர்கா அக்காவுக்கு,

ரேடியோவில் கேட்டிருப்பாய். உன் தம்பியை ஆயராக நியமித்துவிட்டார்கள். சந்தோஷப்படக்கூட முடியவில்லை, அவ்வளவு களைப்பு.

ஆயராகிறவனுக்குச் சொந்தமாக ஒரு கேடயச் சின்னம் வேண்டுமே, அதற்காக ஓவியர் தினமும் நச்சரிக்கிறார். நான் சொன்னது இதுதான். ஒரு பாதியில் விளக்கு. அப்பா கடலுக்குப் போன நாட்களில் அம்மா ஜன்னலில் ஏற்றிவைத்தது. மறு பாதியில் நம் கிணற்றடி மரத்தின் ஒலிவக் கிளை, அது பொறுமை. மேலே ஆயர்களுக்கு வழக்கமான பச்சைத் தொப்பியும் குஞ்சங்களும். கீழே என் விருதுவாக்கு: 'அருகில் இருப்பேன்.'

அக்டோபர் 13, ஞாயிறு, என்னை ஆயராக அபிஷேகம் செய்யும் திருப்பொழிவு. அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து, நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த விளக்கை அம்மா பார்க்க வேண்டும், அக்கா.

உன் தம்பி
தின்கோ

விஸ் தீவு
9 செப்டம்பர்

ஆயர் ஆண்டவராகிவிட்ட என் தம்பிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். "எந்த ஆயருடி? அவருதான் செத்துட்டாரே" என்றாள். மறுபடி சொன்னதும் அழுதாள். பக்கத்து வீட்டுத் தோன்கா, "இனிமே உன் தம்பி மோதிரத்துக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் மீன் சூப்பு ஊத்தணும்" என்று சிரிக்கிறாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

கிணற்றடி மரம் பட்டுப்போய் மூன்று வருஷமாகிறது. வெட்டி அடுப்பில் வைத்தோம். உன் பொறுமை நன்றாகத்தான் எரிந்தது.

ஸ்பிளிட் ஆஸ்பத்திரியில் என் இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அக்டோபர் 11. விட்டால் அடுத்த வருஷம்தான். அம்மாவைத் தூக்க என்னால் முடியவில்லை. உன் விழாவைக் கொஞ்சம் தள்ளிவைத்து, மூன்று வாரம் இங்கே வந்து அம்மாவோடு இருப்பாயா? வேறொன்றும் கேட்கவில்லை.

யெர்கா

ஜாக்ரெப்
17 செப்டம்பர்

அன்பு அக்காவுக்கு,

மரம் போனது தெரியாது. கிளை இருக்கட்டும், சின்னம்தானே.

உனக்கு ஒரு நல்ல செய்தி. விளக்குக்குக் கீழே ஒரு சின்ன நட்சத்திரம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது நீ. எதிரே நின்று பார்த்தால் இடது ஓரத்தில் இருக்கும். குறை நினைக்காதே. கேடயத்தில் வலது இடது எல்லாம் பின்னால் நின்று பிடித்திருப்பவனை வைத்துத்தான். அப்படிப் பார்த்தால் உனக்கு வலப்பக்கம், மரியாதையான இடம்.

அழைப்பிதழ்கள் அச்சாகிவிட்டன. ஆபரேஷனை நீ தள்ளிப்போட முடியாதா? முடியாதென்றால் மடத்திலிருந்து ஒரு சிஸ்டரை அனுப்புகிறேன்.

தின்கோ

விஸ் தீவு
24 செப்டம்பர்

தின்கோ,

நட்சத்திரம் கிடைத்தது. கேடயத்தைப் பின்னால் நின்று பிடித்திருப்பவளுக்கு நட்சத்திரம் தெரியாது, வெறும் பலகைதான் தெரியும். அப்பா போனதிலிருந்து நான்தான் பிடித்திருக்கிறேன். கை மரத்துப்போயிற்று.

சிஸ்டர் வேண்டாம். போன மாதம் குளிப்பாட்ட வந்த சிஸ்டரை அம்மா கடித்துவிட்டாள். வேறு யார் தொட்டாலும், "தொடாத, என் மவன் வருவான்" என்று கத்துகிறாள். உன்னைத்தான் சொல்கிறாள்.

அருகில் இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். யார் அருகில் என்று எழுதவில்லை. பத்தாம் தேதி நான் படகேறுகிறேன். அம்மாவைத் தோன்காவிடம் விட்டுவிட்டுத்தான் போகப்போகிறேன், நடப்பது நடக்கட்டும். முன்வரிசையில் வேறு யாரையாவது உட்காரவை. உன்மேல் கோபம்கூட இல்லை. அலுத்துப்போயிற்று.

யெர்கா

ஜாக்ரெப்
1 அக்டோபர்

அக்கா,

திருப்பொழிவை நவம்பருக்குத் தள்ளிவிட்டேன். நியமித்த மூன்று மாதத்துக்குள் நடந்தால் போதும் என்பது திருச்சபைச் சட்டம். எனக்கு அது முதலிலேயே தெரியும்.

ஓவியர், "சாமி, அழைப்பிதழ் என்ன ஆவறது?" என்றார். "அடுப்புல போடுங்க" என்றேன். நட்சத்திரத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் தேதிப் படகில் வருகிறேன். நீ கிளம்புவதற்குள், நீ செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா. அம்மா மாத்திரையை அப்படியே முழுங்குவாளா, பொடித்துக் கொடுக்க வேண்டுமா? காப்பிக்குச் சர்க்கரை உண்டா? குளிப்பாட்டும்போது தண்ணீரை முதலில் காலுக்கு ஊற்ற வேண்டுமா, தலைக்கா? உடனே எழுது.

தின்கோ