அனாத் தேடிப் போனாள்

செவ்வாய்க் கிரகம், தெற்கு நிலையம். பதிவு: மங்களேஸ்வரி, நிலவியலாளர்.

நாள் 212, 09:10
வெளியே மைனஸ் 61. காற்று லேசு. நிலையத்தில் இருவர்தான்: நானும் பொறியாளர் கிளாரன்ஸும். இன்று அவர் பள்ளத்தில் இறங்குகிறார். ஆழம் தொண்ணூறு மீட்டர். 'மோத்' என்பது அதற்கு அவர் வைத்த பெயர். பழைய கானான் மக்களின் சாவுக் கடவுளாம். ஓர் உதடு மண்ணில், மறு உதடு வானத்தில். மழைக் கடவுள் பாகாலையே விழுங்கியவன்.

நாள் 212, 11:40
கயிற்றின் நங்கூரம் பிடுங்கிக்கொண்டது. கடைசிப் பத்து மீட்டர் விழுந்தார். வானொலியில் அவர் குரல்:
"அக்கா, காலு ஒடிஞ்சிருச்சி. அவசரக் கூடாரத்துக்குள்ள வந்துட்டேன். அஞ்சு நாளைக்குக் காத்து இருக்கு. இன்னொரு கயித்துல நீங்க இறங்குனா என்னைக் கட்டித் தூக்கிரலாம்."
நங்கூரத்தைச் சோதித்ததாகக் கையெழுத்திட்டவள் நான். சோதிக்கவில்லை.

நாள் 212, 15:05
விளிம்புவரை போனேன். எட்டிப் பார்த்தேன். கால் நகரவில்லை. திரும்பிவிட்டேன். என் விண்வெளி உடுப்பில் கசிவு என்று அவரிடம் சொன்னேன். பொய்.
"பரவால்லக்கா, சரி பண்ணிட்டு வாங்க. பாகால் செத்துட்டான்னு எல்லாரும் அழுதுட்டிருந்தப்ப, அவன் தங்கச்சி அனாத்து மட்டும் மலை மலையாத் தேடிப் போனா. மோத்தோட துணியைப் பிடிச்சி, எங்க அண்ணனைக் குடுன்னா."
சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாள் 213, 10:20
விழுந்த உடனே கிளாரன்ஸ் இறந்துவிட்டதாகப் பூமிக்குச் சொன்னேன். உயிரோடிருக்கிறார் என்றால் இறங்கச் சொல்வார்கள். சொல்வது கடினமாகவே இல்லை, அதுதான் அருவருப்பு.
பள்ளத்தின் அலைவரிசையை மூடிவிட்டேன்.

நாள் 214, 13:00
அலைவரிசைப் பொத்தானில் விரல் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். எங்கே போனீங்க என்று கேட்பார். என்ன சொல்ல?
சாப்பிடவில்லை.

நாள் 219, 08:30
பூமி: "மங்களேஸ்வரி, சுற்றுக்கலத்தோட வெப்பப்படம் வந்திருக்கும்மா. 217 சாயங்காலம்வரைக்கும் பள்ளத்துக்குள்ள கூடாரச் சூடு தெரியுது. கிளாரன்ஸ் உயிரோட இருந்திருக்கார். உங்ககிட்ட பேசவே இல்லையா?"

நாள் 219, 16:00
இறங்கினேன். இருபது நிமிடம். அவ்வளவுதான் ஆயிற்று.
உட்கார்ந்தபடியே இருந்தார். வானொலி மடியில். அது எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. முதலில், அக்கா, அக்கா என்று. பிறகு நான்காம் நாள், குரல் தேய்ந்து:
"நிலையத்துல சத்தமே இல்ல. அக்காவுக்கு ஏதோ ஆயிருச்சி. யாராவது இதைக் கேட்டா, என்னை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அவங்களைப் போய்ப் பாருங்க."

நாள் 219, 16:50
பூமிக்கு. என் அறிக்கையில் திருத்தம்.
கிளாரன்ஸ் இறந்தது நாள் 217. நாள் 212 அல்ல.
காரணம்: நான்.