எதை விடச் சொன்னாய்?

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே உன் அப்பாவும் தங்கையும் நலம். நானும் நலம் என்று எழுதச் சொன்னால் உன் தங்கை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள், ஆகையால் நான் முக்கால் பங்கு நலம் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய், அவ்வளவு உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறாயே, அந்த இடுப்பு வலி திரும்ப வந்ததா, இறங்கினதும் கொஞ்சம் நடக்கிறாயா. கையெழுத்து அவளுடையது, பேச்சு என்னுடையது. என் வலது கை பேனாவைப் பிடிக்கும், ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் தோள் இழுக்கத் தொடங்கிவிடும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக ‘நல்லா இருக்கேன்பா’ என்று சொல்லிவிடுகிறது, அந்த வாயை என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ‘யோகா பண்றியாம்மா’ என்று கேட்கிறாய், நானும் ‘பண்ணாம இருப்பேனா’ என்கிறேன். பண்ணவில்லை. ஏழு மாதமாகப் பண்ணவில்லை. இந்த வரியை எழுத அவள் தயங்கினாள், எழுதுடி என்று அதட்ட வேண்டியிருந்தது. இத்தனை நாளும் ‘அண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாது’ என்று அவளிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் யாரிடமும் எதற்கும் மூச்சு விடாதவள் என்பது உனக்குத் தெரியும், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னார்கள் என்பதற்காகவே ஒன்பதாவதோடு நின்றவள். இப்போது திரைச்சீலைக் கடையின் பின் அறையில் ஓரம் மடித்துத் தைக்கிறாள், அங்கே மெஷின் பேசினால் போதும், அதனால் அவளுக்கு இடம் பிடித்துப்போயிருக்கிறது.

தோள் கதை இதுதான். ஆஸ்பத்திரியில் எங்கள் துணி அறையின் மேல்தட்டு என் பொறுப்பு, ஆபரேஷன் அறைக்குப் போகிற பச்சைத் துணிகள் மற்றதோடு கலந்துவிடக் கூடாது என்று மேலேதான் வைப்போம், பத்துப் பத்தாகக் கட்டி ஏணியில் ஏறித் தலைக்கு மேலே தூக்கி அடுக்க வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படித் தூக்கினேன், வலது கை காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது, அதற்கு மேலே வர மாட்டேன் என்கிறது. கீழே நின்ற சூப்பர்வைசர் அம்மா, ‘அக்கா, இறங்கிடுங்க, விழுந்தா அந்தப் பச்சைத் துணிய உங்களுக்கேதான் போத்தணும்’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே இறங்கினேன், மறுநாள் என்னைத் தலையணை உறை எண்ணுகிற மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வேலை சுலபம்தான், ஆனால் பதினாறு வருஷம் எல்லோர் தலையையும் மேலிருந்து பார்த்தவளுக்கு அந்த நாற்காலி குழி மாதிரி இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் உடல் தகுதி பார்ப்பார்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால் ஏணி திரும்ப எனக்கு, முடியாவிட்டால் அதில் வேறு ஒருத்தி நிரந்தரமாக ஏறிவிடுவாள். பிசியோதெரபி பார்க்கிற பெண் என் படிவத்தைப் புரட்டிவிட்டு, ‘தினமும் யோகான்னு போட்டிருக்கீங்க, அப்புறம் தோள் எப்படிம்மா இப்படி இறுகும்’ என்று கேட்டாள். எழுதிய அன்றைக்கு அது உண்மைதான். அவள் கேட்டது என்னைக் குடைந்தது. மூன்று வருஷம் ஒரு நாள் விடாமல் செய்தவளுக்குத் தோள் இறுகியிருக்கிறது, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத பக்கத்து மேசைக்காரிக்கு ஒன்றுமில்லை. அப்புறம் எதற்கு இது என்று ஒரு நாள் பாயை விரிக்கவில்லை, அந்த ஒரு நாள் அப்படியே ஏழு மாதம் ஆகிவிட்டது. திரும்பத் தொடங்கப் பார்க்காமல் இல்லை. காலையில் வராதது மாலையில் வருமா என்று பார்த்தேன், பாயை ஜன்னலோரம் மாற்றிப் போட்டேன், அலமாரியை நகர்த்தினேன், அலமாரிக்குப் பின்னால் உன் அப்பா ஒரு வருஷமாகத் தேடிய மூக்குக்கண்ணாடி கிடைத்ததுதான் மிச்சம். ஒரு நாள் பாயில் உட்கார்ந்து யோகா சொல்லிக்கொடுத்து நீ போனில் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு கிலோ வெங்காயம் உரித்தேன். உன் குரலைக் கேட்க நன்றாக இருக்கிறது, செய்யத்தான் உடம்பு எழுந்திருக்கவில்லை. இதைச் சொன்னால் நீ கற்றுக்கொடுத்ததைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்றுதான் மறைத்தேன், நீ சொன்னபடியே அட்சரம் பிசகாமல் செய்தும் பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடிதம் நின்றது, மூன்று வாரம் இழுப்பறையில் கிடந்தது, ஏன் என்று சொல்கிறேன். சொன்னபடியே செய்தேன் என்பதற்குச் சாட்சியாக உன் பதிவில் இருப்பதை வார்த்தைக்கு வார்த்தை இதில் எழுதச் சொன்னேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாள், ‘வலது கையை மேலே தூக்கு, காதோட ஒட்டி வை, மூச்சை நல்லா இழு, அப்படியே நில்லு, இப்ப மெதுவா விடும்மா’. எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். பிறகு, ‘அம்மா, இதுல எதை விடச் சொல்றான்’ என்று கேட்டாள். அவளாக ஒரு கேள்வி கேட்பதே அதிசயம். கையைத்தான், வேறு எதை என்றேன். ‘மூச்சைன்னு நினைச்சேன்’ என்று சொல்லிவிட்டு, தான்தான் தப்புச் செய்தது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ‘விடும்மா’ என்று சொல்லும்போதெல்லாம் நான் தூக்கிய கையைத் தொப்பென்று கீழே போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ பத்து எண்ணுகிற நேரம் பேசாமல் இருப்பாய், பாவம் பிள்ளை அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கிறான் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, ‘அதான் காலையில தொப்பு தொப்புன்னு சத்தம் வரும், யோகான்னா அப்படித்தான் போலன்னு நான் கேக்கல’ என்றார். நீயும் யோசித்துப் பார், சின்ன வயதிலிருந்தே நீ விடும்மா என்றால் எதையாவது கீழே போடு என்றுதான் அர்த்தம், பையை விடும்மா நான் தூக்கிட்டு வரேன், சண்டையை விடும்மா, அவளைத் திட்டாதே விடும்மா. வீடியோவில் காட்டு என்று நீ கேட்டபோது, நான் உருண்டு புரளுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்று மறுத்ததும் நான்தான்.

மறுநாள் காலை யாரும் சொல்லாமலே பாயை விரித்தேன். தோள் சரியாகிவிடும் என்று நம்பி இல்லை, உண்மையிலேயே மூச்சை விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. கை காது பக்கம் வந்து நின்றது, கையைப் போடாமல் மூச்சை மட்டும் விட்டேன். தோளுக்குள் ஏதோ ஒரு நூல் அளவு தளர்ந்தது, கை ஒரு நூல் மேலே போனது, என் கைதானா என்று திரும்பிப் பார்த்தேன். சரி, குனியும்போது விட்டால் என்ன ஆகும் என்று மறுநாள் பார்த்தேன், இடுப்பைத் திருப்பும்போது விட்டால் என்ன என்று அதற்கடுத்த நாள். இப்படி மூன்று வாரமாக ஒரு நாளும் தவறவில்லை, ஒரு நாள் ஏன் மேலே போகிறது, மறுநாள் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனைதான். மேலே பலிக்கவில்லை என்று எழுதியதை அடித்துவிடட்டுமா என்று இவள் கேட்டாள், வேண்டாம், அவனும் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிசியோதெரபிப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு இறுக்கம் குறைகிறது என்கிறாள், ஆனால் மாதக் கடைசிக்குள் முழுக்க மேலே வருமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குப் போய் நின்று தூக்கிக் காட்டத்தான் போகிறேன், எவ்வளவு தூரம் வருகிறது என்று அவர்களும் பார்க்கட்டும்.

இன்னும் ஒரு சந்தேகம், கடைசியில் படுத்திருக்கும்போது ‘எல்லாத்தையும் விடும்மா’ என்கிறாயே, அங்கே எதை விட வேண்டும். நான் எல்லாவற்றையும் விட்டால் குறட்டை விடுகிறேன் என்று அப்பா சொல்கிறார், இரண்டு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது. இனி அனுப்புகிற பதிவில் மூச்சை விடு, கையை விடு என்று முழுசாகச் சொல். உனக்குக் கற்றுக்கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவர் எதை விடச் சொல்லி நீ எதை விட்டுக்கொண்டிருக்கிறாயோ. நான் பொய் சொன்னதற்குக் கோபித்துக்கொள், ஆனால் அதற்காக விடுமுறை எடுத்துக்கொண்டு ஓடி வராதே. எந்த உயரத்தில் உட்கார்ந்தாலும் பொழுது சாயும்போது பத்திரமாகத் தரையில் இறங்குகிற பிள்ளையாக, நெடுங்காலம் நன்றாக இரு. பல்லுக்குக் கட்டிய வெள்ளி உறை கழன்றுவிட்டது என்றாயே, போய்க் காட்டிவிடு, வேலை முடியட்டும் என்று இருக்காதே.

இப்படிக்கு,
சொன்னது உன் அம்மா, எழுதியது உன் தங்கை.

அண்ணா, இது நான். அம்மா தபால் உறை வாங்கப் போயிருக்கிறாள், வருவதற்குள் எழுதுகிறேன். அம்மா ஒன்றைச் சொல்லவில்லை. எட்டு மாதமாக அம்மாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது நான்தான், அம்மாவின் கை பின்னால் போகாது. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வது அந்த நேரத்தில்தான். இன்று காலை சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னி முடித்திருந்தாள், ஒரு பக்கம் கோணி, பாதி முடி வெளியே தொங்கிக்கொண்டு. எப்படிடி இருக்கு என்று கேட்டாள். அவிழ்த்துத் திரும்பப் பின்னட்டுமா என்று நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. நல்லா இருக்கும்மா என்றேன். அந்தக் கோணல் பின்னலோடுதான் இப்போது கடைக்குப் போயிருக்கிறாள்.