எனக்குத் தர வேண்டாம் என்று நீ சொன்ன நாவல்

மூக்கண்டப்பள்ளி,
வியாழக்கிழமை.

அன்புள்ள நவீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனியில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மாம்பழ சீசன் என்பதால் அப்பா கிருஷ்ணகிரியில் கூழ் ஃபேக்டரியிலேயே கிடக்கிறார், ஞாயிறு மட்டும் வந்து அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். சர்க்கரை ஏறியிருக்கிறது. பழத்தைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்கிறார், நானும் நம்புகிற மாதிரி இருந்துகொள்கிறேன்.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் உனக்கு நான்கு நிமிடம்தான். சாப்பிட்டியா, அப்பா மாத்திரை போட்டாரா, வைக்கிறேம்மா, அவ்வளவுதான். அடுத்த வீட்டு ரோஷன் பீ அக்காவுக்கு மட்டும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம். சின்ன வயதில் அவங்க பீரோவிலிருந்து பழைய விஞ்ஞான நாவல்களை வாங்கிவந்து நீ படித்தது எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெற்றவள் நான். எனக்கு வயிறு எரிகிறது. போன வாரம் அவங்க வாசலில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாங்க, நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நிலாச் சுரங்க நாவலில் வரும் அரசியல் மோசம், தொழிலாளிகளை மனிதர்களாகவே எழுதவில்லை, இருந்தாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை என்றாய். எங்கே வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே ரசிக்கலாம், தப்பில்லை என்றாங்க அவங்க. உடனே நீ, சரியாகச் சொன்னீங்க என்றாய். நான் சொன்ன எதற்காவது நீ அப்படிச் சொன்னதுண்டா?

மறுநாளே அவங்க இல்லாத நேரம் பார்த்துப் போய், நீ படிக்கச் சொன்னதாகப் பொய் சொல்லி, அவங்க மகள் ஆஃப்ஷீனிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தவள் என்னைக் குழப்பமாகப் பார்த்தாள். "நவீன் அண்ணா இத உங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லியிருந்தாரே ஆன்ட்டி. ஸ்ட்ரைக் கதை வருது, அம்மா தாங்கமாட்டாங்கன்னாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். யாருக்கும் தெரியாமல் இருக்க, காலண்டர் தாளில் அட்டை போட்டு, கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு பெண், அவளும் காபி ஊற்றிக் கொடுக்கத்தான். வேலை செய்கிற ஒருவனுக்கும் பெயர் கிடையாது, எல்லாருக்கும் நம்பர். கோபம் கோபமாக வந்தது, ஆனால் மூடி வைக்க முடியவில்லை. நிலாவிலிருந்து பூமி எழுந்து வருகிற பக்கத்தை நான்கு தடவை படித்தேன். காற்றைக் குறைத்துவிட்டார்கள் என்று சுரங்கத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊரை நோக்கி வருகிற இடத்தில் நம் ஸ்டாப் போனதே தெரியவில்லை. ஜூஜூவாடியில் டிரைவர் முனிராஜ்தான் கூப்பிட்டு, என்னக்கா இந்த வயசுல பரீட்சையா என்று கேட்டு இறக்கிவிட்டான்.

நவீன், ஒன்று சொல்கிறேன், இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் ஊருக்குள் வந்துவிடாமல் அந்த இன்ஜினியர் காற்றுக் கதவை மூடப் போகிறான் இல்லையா, அந்த இடத்தில் நான், மூடுடா, சீக்கிரம் மூடு என்று மனதுக்குள் கத்தினேன். மூடிவிட்டான். இருநூறு பேர் வெளியே. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஸ்ட்ரைக்கில் சூப்பர்வைசர் சௌந்தரராஜன் கேட்டைப் பூட்டிய அன்று தண்ணீர்க் குழாய் உள்ளே, நாங்கள் வெளியே. என்கூட வேலை செய்த முனிலட்சுமி வெயிலில் மயங்கி விழுந்தாள். ஒரு பாட்டில் தண்ணீருக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவள் நான். அந்த நானே கதவை மூடச் சொன்னேன் என்றால், எழுதினவன் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன், எவ்வளவு பொல்லாதவன்! இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகத் தவிக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினீர்கள், வலித்தவள் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். நான் தாங்குவேன் நவீன். அந்த வெயிலையே தாங்கியவள். அந்தக் கதவு மூடும்போது நீயும் மூடட்டும் என்றுதான் நினைத்தாயா? நிஜத்தைச் சொல், நான் திட்டமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. எங்கே இருந்தாலும் நல்ல பெயரோடு, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஞாயிறு முதலில் எனக்குப் போன் செய். அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் இருப்பதாகவும் அது உன்னிடம் இருப்பதாகவும் ஆஃப்ஷீன் சொன்னாள். ரோஷன் அக்கா இன்னும் படிக்கவில்லையாம். அதை எனக்கு அனுப்பு. படித்துவிட்டு நானே அவங்களுக்குக் கொடுக்கிறேன், கொடுக்கலாமா என்று யோசித்து.

இப்படிக்கு உன் அம்மா,
சுகுணா