தன்லியினுக்கு இரண்டு ரன் கூடுதல்

லான்மடாவ், ரங்கூன்
3-2-2006, வெள்ளி

அன்புள்ள ஹமீதுன்னிசாவுக்கு ஸலாம்.

நீ தன்லியினுக்கு, உன் தம்பி கமால் வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள். வெள்ளிக்கிழமைச் சமையல் என் முறை என்று நானே எழுதி ஒட்டிவிட்டு, கரண்ட் இல்லாத வெள்ளி சேராது என்று புது விதி சொன்னது தப்புதான். இன்று சமைத்தேன். பூனை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பேஸ்பால் சங்கத்தில் எனக்குத் தர்மசங்கடம். தாகேதா அணி இறுதி ஆட்டத்துக்குப் போயாயிற்று. மீதி ஓர் இடத்துக்கு நம் லான்மடாவும் கமாலின் தன்லியினும் மூன்று மூன்று வெற்றி. சமமானால் அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டங்களைப் பார், அதுவும் சமமானால் அவற்றில் எடுத்த ரன், அதற்கப்புறமே எல்லா ஆட்டத்து ரன்னும் என்று செயலாளர் நான்தான் எழுதிவைத்தேன். நாம் 5–4 ஜெயித்தோம், அவர்கள் 6–3. எட்டுக்குப் பத்து. அவர்கள் உள்ளே.

மொத்த ரன் பார்த்தால் நாம்தான். கேப்டன் பைசல் பர்மிய மரியாதையில் ‘ஊ’ போட்டுக் காதைக் கடிக்கிறான்: “ஊ அமீர், ரெண்டாவது விதியையும் மூணாவதையும் இடம் மாத்துங்க. யாரு பார்க்கப் போறா?”

விதிப் புத்தகம் என் மேஜையில். பென்சிலில் எழுதியது. நீ என்ன சொல்கிறாய்?

உன் அமீர் அலி

தன்லியின்
5-2-2006

மச்சானுக்கு ஸலாம்.

பூனைக்கு என் அனுதாபம்.

நான் வந்தது சமையலுக்காக இல்லை. கேரம் ஆடினாலும், தோற்கும்போது சிவப்புக் காய்க்குப் புதுச் சட்டம் போடுகிற ஆள் நீங்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது, உங்கள் கையெழுத்து உங்களுக்கே எதிராக நிற்பதைப் பார்க்க வேண்டும். ரப்பரை எடுத்தீர்களானால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

கமாலிடம் எதுவும் சொல்லவில்லை.

ஹமீதுன்னிசா

லான்மடாவ்
8-2-2006

அன்புள்ள ஹமீதுன்னிசா,

டீக்கடையில் இரண்டு அணிக்காரர்கள் முன்னும் விதியை வாசித்தேன். தன்லியின் போகிறது என்றேன். பைசல், “ஊ அமீர், நீங்க எந்த ஊரு ஆளு?” என்று கேட்டான். “பெண்டாட்டி இருக்கிற ஊரு” என்றேன். உன் தம்பி கட்டிப்பிடித்ததில் சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று. தைக்க ஆள் இல்லை.

விதியின்மேல் மைப்பேனாவால் எழுதிவிட்டேன். இனி என்னாலும் அழிக்க முடியாது.

அமீர் அலி

தன்லியின்
9-2-2006

மச்சானுக்கு,

கமால் வாயிலிருந்து கேட்டேன். மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

இதுவரை போட்ட சண்டைகளில் பாதி நீங்கள் ஜெயித்தீர்கள், பாதி நான். சமம். அப்படியானால் யார் முதலில் கடிதம் போட்டார் என்று பார்க்க வேண்டும். நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பொத்தானை எடுத்து வையுங்கள். ஞாயிறு இறுதி ஆட்டத்தில் நான் தன்லியின் பக்கம்தான் உட்காருவேன்.

இந்த விதி எப்போது எழுதியது என்று கேட்காதீர்கள். இப்போதுதான். பென்சிலில்.

உங்கள் ஹமீதுன்னிசா